உப்புக்காற்றில் ஓடும் பழைய பிக்கப்: பிரேக்கை நீங்களே பார்ப்பது எப்படி

புதுச்சேரி வைத்திக்குப்பம் கரையில் விடிகாலையில் மீன் ஏற்றிக்கொண்டு நிற்கும் குட்டியானை (டாடா ஏஸ்) ஒன்றின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பெட்டிகளில் உருகிய ஐஸ் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, பின் ஆக்சில் மேல் விழும். அந்த ஆக்சிலை ஒட்டி, பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு இரும்புக் குழாய் ஓடும். அதுதான் பின்பக்கத்து பிரேக் பைப். உப்பும் மீன் கசடும் கலந்த தண்ணீரில் அது தினமும் குளிக்கிறது. மேலே கடல்காற்று. கீழே சக்கரம் வாரி அடிக்கும் ஈர மணல்.

வேலூரிலோ சேலத்திலோ ஓடும் பழைய பிக்கப்பில் பிரேக் லைனர்தான் முதலில் தேயும். கரையோர வண்டியில் அப்படியில்லை. லைனர் பாதிகூடத் தேய்ந்திருக்காது, பைப் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். என் சொந்த வண்டிக்கே இப்படி நடந்தது. பெடல் இறங்குகிறது என்று கொண்டுபோய் விட்டேன். பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் லைனர், பேட் எல்லாம் மாற்றித் தந்தார்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் முத்தியால்பேட்டை அருகே, குறுக்கே வந்த சைக்கிளுக்காக ஓங்கி மிதித்தபோது பின் பைப் வெடித்தது. முன்சக்கர பிரேக் மட்டும் பிடித்து, சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது: முதலில் பைப், பிறகுதான் மற்றதெல்லாம். இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த வண்டிகளுக்கு இது

2005-ல் வந்த டாடா ஏஸ், அதற்கு முந்தைய டாடா 207, மகிந்திரா பொலிரோ பிக்கப், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற, பிரேக் ஆயிலில் வேலை செய்யும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இது பொருந்தும். பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளுக்கு இது உதவாது.

தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. பைப் வழியே அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. அங்கே பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது, லைனர் பொருத்திய ஷூ டிரம்மை உள்ளிருந்து அழுத்துகிறது. உங்கள் காலின் பலத்தைப் பூஸ்டர் பெருக்கித் தருகிறது. மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். ஆனால் பெடல் பாதாளத்துக்கு இறங்கும், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடும்.

எப்போது செய்வது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வண்டிகளுக்கும் லோடு குறையும். வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் அந்த நாட்களில் நடப்பதுபோல, வண்டியின் பிரேக் வேலையையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல், ஒரு நாளைக்கு ஒரு சக்கரம் என்று பார்க்கலாம்.

இன்னொரு முறை பார்க்க வேண்டியது மாசி மகத்துக்கு முன்னால். மயிலம் முருகன் உட்பட பல ஊர் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள் அது. கூட்டத்துக்குள் வண்டி ஆமைபோல ஊரும், குழந்தைகள் சக்கரத்தருகே நிற்பார்கள். பெடல் ஆழமாக இறங்கும் வண்டியை அன்றைக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போகக் கூடாது.

வேலைக்கு முன் பாதுகாப்பு

1. மணலில் ஜாக்கி போடாதீர்கள். ஈர மணல் கெட்டியாகத் தெரியும், பாரம் ஏறியதும் ஒரு பக்கமாகச் சரியும். சிமென்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். வழியே இல்லையென்றால், ஜாக்கிக்கு அடியில் குறைந்தது இரண்டு அங்குலத் தடிமனுள்ள அகலப் பலகை வையுங்கள்.
2. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் உங்களைக் காப்பாற்றாது. அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது.
3. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுத்தபிறகே தலை உள்ளே போகலாம். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் பாரத்தில் சட்டென்று நொறுங்கும்.
4. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலும் ஊதாதீர்கள், ஏர் அடித்தும் ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம்.
5. பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். விட்டுவைத்தால் பெயின்ட் உரிந்து வரும்.

பத்து நிமிடச் சோதனை

ஸ்பேனரைத் தொடும் முன் பெடலிடம் கேளுங்கள். காலுக்கு அது சொல்வதைக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

1. எஞ்சின் நிறுத்தியிருக்க, பெடலை ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள். கடைசியில் பெடல் இறுகும்.
2. மிதித்துப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். கிளம்பியதும் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இறங்காமல் கல்லாகவே நின்றால் பூஸ்டரிலோ, அதற்கு வேக்குவம் தரும் பம்ப்பிலோ, நடுவில் உள்ள ரப்பர் குழாயிலோ கோளாறு. பல டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்நேட்டரின் முதுகில் இருக்கும். முதலில் ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தால் குறைந்த செலவில் முடிந்துவிடும்.
3. எஞ்சின் ஓட, 30 வினாடி ஒரே அழுத்தமாக மிதித்திருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் எங்கோ கசிவு. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே தப்பிப் போகிறது.
4. கடைசியாக, நின்ற இடத்திலேயே முழுப் பலத்தோடு நான்கைந்து முறை ஓங்கி மிதியுங்கள். இற்றுப்போன பைப் இருந்தால் இங்கேயே வெடிக்கட்டும். மறைமலை அடிகள் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் வெடிப்பதைவிட வீட்டு வாசலில் வெடிப்பது எவ்வளவோ மேல்.

"ரெண்டு மிதி மிதிச்சா புடிக்குது"

பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. சாதாரணமாகச் சொல்வார்கள், வண்டியின் சுபாவம் என்பதுபோல. இந்தக் கைப்புத்தகத்தில் நீங்கள் ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது மிதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்:

- பெடல் உயர்ந்து, கெட்டியாகவும் நின்றால், பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும்.
- உயர்ந்தாலும் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்ய வேண்டும். காற்று எப்படி உள்ளே வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.
- உயர்ந்து, பிறகு மெல்லக் கீழே போனால் கசிவு. வண்டியை அந்த இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள்.

ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் இரண்டு முன் டயரின் காற்றையும் சமமாக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரில் கோளாறு. உரசும் இரும்புச் சத்தம் கேட்டால் பேட் தீர்ந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது என்று பொருள். அன்றைக்கே கழற்றுங்கள்.

அடியில் படுத்துப் பார்ப்பது

இதற்குத் தேவை ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், ஒரு பழைய வேட்டித் துணி, ஒரு மணி நேரம்.

1. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொடங்கி, பைப்பை விரலால் தொட்டுக்கொண்டே பின்னால் போங்கள். பார்வை மட்டும் போதாது. சேறு மூடியிருக்கும்.
2. பைப்பைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றுங்கள். துரு கிளிப்புக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பைப், கிளிப்புக்குள் தேன்கூடுபோல இருக்கும்.
3. பின் ஆக்சில் மேல் இடதும் வலதுமாகப் பிரியும் இடத்தை இருமடங்கு கவனமாகப் பாருங்கள். மீன் தண்ணீர் விழும் இடம் அதுதான்.
4. கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். துரு தூளாக உதிர்ந்து, கீழே வழவழப்பான உலோகம் தெரிந்தால் பிழைத்தது. செதில் செதிலாக உரிந்து, நகம் வைத்தால் குழி தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். தேய்த்த இடத்தில் கடுகளவு ஈர முத்து ஒன்று முளைத்துத் துடைக்கத் துடைக்கத் திரும்பத் திரும்ப வந்தால், அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். வெடிக்கும் முன் கண்டுபிடித்துவிட்டீர்கள்.
5. ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மேலே வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி நீங்கள் ஹோஸைக் கவனியுங்கள். பலூன்போலப் புடைத்தாலும் மாற்றுங்கள்.

செய்யக் கூடாதது: ஓட்டையான பைப்பைப் பற்றவைப்பது, ரப்பர் டியூப் மாட்டிக் கிளாம்ப் போடுவது, செம்புக் குழாயை வளைத்து மாட்டுவது. ஓங்கி மிதிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் டயர் காற்றைவிடப் பல மடங்கு. எந்த ஒட்டும் அதைத் தாங்காது. வண்டிக்கென்று வரும் இரும்புப் பைப்பை முழு நீளத்துக்கும் வாங்குங்கள். நுனியை விரித்துத் தயாராக வரும் பைப் கிடைத்தால் நீங்களே மாட்டலாம். நுனி விரிக்க வேண்டியிருந்தால் அதற்கான கருவி உள்ளவரிடம் கொடுங்கள். அந்த ஒரு வேலையைக் கைப்பழக்கம் இல்லாமல் முயல வேண்டாம்.

குறிப்பு: துருவைத் தடுக்கிறோம் என்று அடிப்பாகம் முழுக்கக் கழிவு ஆயில் அடிப்பது நம் ஊரில் வழக்கம். அது ரப்பர் ஹோஸை ஊதச் செய்யும், டிரம்முக்குள்ளும் போகும். புதுப் பைப்பில் துரு தடுப்புப் பெயின்ட் அடித்து, கிளிப் வரும் இடங்களில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். அதைவிட நல்லது, தளத்தின் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி, அதைப் பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே விடுவது. இந்தச் சிறு மாற்றத்துக்கு ஆகும் செலவு ஒரு மீன் பெட்டியின் விலைகூட வராது.

பின் டிரம்மைத் திறப்பது

1. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள்.
2. ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின் தட்டில் உள்ள ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள்.
3. டிரம் வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் அடித்து உடைக்காதீர்கள். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உப்பில் இறுகியிருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.
4. ஸ்பிரிங்குகளைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். குழம்பினால் மறுபக்கம் மாதிரியாக இருக்கும்.
5. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல ஒதுக்குங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை. சொட்டினால் சிலிண்டரையே மாற்றுங்கள். கரையோர வண்டியில் கப் மட்டும் மாற்றுவது வீண். சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி இருக்கும், புதுக் கப்பை அது சில வாரத்தில் கிழித்துவிடும்.
6. ஷூவில் எண்ணெய்ப் பசை இருந்தால் அது எதுவென்று பாருங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். கரைந்து போனால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் குற்றவாளி. மிதந்து நின்றால் கியர் ஆயில், ஆக்சில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் புது லைனர் போட்டால் அதுவும் நனையும். எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுவது பலர் செய்யும் தவறு. சூடேறியதும் உள்ளே இருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வரும்.
7. லைனர் ரிவெட் தலையை நெருங்கியிருந்தால் மாற்றுங்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
8. திரும்ப மாட்டியபின், டிரம்மைக் கையால் சுற்றியபடி அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். லேசாக உரசும் சத்தம் வந்ததும், சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி, சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்குப் போகும். லோடு ஏறி உடல் கீழே இறங்கும்போது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. அதிக பாரம் தாங்கட்டும் என்று கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்ட வண்டியில் உடல் இறங்காது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். 750 கிலோ தாங்கும் வண்டியில் அதற்குமேல் ஐஸும் மீனும் ஏற்றிவிட்டு, பின் பிரேக்கும் பாதியாக ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். பட்டை போட்டிருந்தால் அந்த வால்வை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முன் டிஸ்க்

இதில் வேலை குறைவு. பேட்டின் உராயும் பகுதி 3 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். உள்பேட் ஒரு அளவும் வெளிப்பேட் வேறு அளவுமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் உப்பில் இறுகிவிட்டன. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும். காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துங்கள்.

சக்கரம் இறுகிச் சூடானால், தூக்கி வைத்து, காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். உடனே சக்கரம் சுற்றினால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸ் உள்பக்கம் அடைத்திருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். தளர்த்தியும் சுற்றாவிட்டால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

ஆயில் மாற்றி பிளீடிங் செய்வது

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இது 230-ம் 155-ம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரையில். ஈரம் உள்ளிருந்தும் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொது வழக்கம். கடலோர வண்டிக்கு வருடம் ஒருமுறை என்பது என் கணக்கு.

மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கும். அதையே, சீல் உடைக்காத சின்ன டப்பாவாக வாங்குங்கள். போன வருடம் திறந்து மிச்சம் வைத்ததை ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு மூடி அளவு போனாலும் அத்தனை கப்பும் ஊதிவிடும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா அடியில், மகன் பெடலில் என்று எத்தனையோ வாசல்களில் நடக்கும் வேலை இது. இருவருக்கும் மூன்றே வார்த்தைகள்: "அமுத்து", "புடி", "உடு". "உடு" என்று கேட்கும்வரை பெடலிலிருந்து கால் எழக் கூடாது.

1. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், பெடல் தரைவரை போகாதபடி. பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் துரு இருக்கும். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குக் கப் போனால் கிழியும். பிளீடிங் செய்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போனது என்று புலம்புகிறவர்களின் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.
2. நிப்பிள்களில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். இளகாவிட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வலிந்து முறுக்கினால் ஒடியும்.
3. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.
4. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முங்க வையுங்கள்.
5. "அமுத்து": மெல்ல மூன்று முறை மிதித்து, மிதித்தபடி நிற்க வேண்டும். "புடி": நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள், ஆயிலும் குமிழியும் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகு "உடு".
6. குமிழி நின்று, கறுப்பு போய், புது ஆயிலின் நிறம் வரும்வரை தொடருங்கள்.
7. ஐந்து முறைக்கு ஒரு தடவை மேல் டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் காற்று உள்ளே போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முடித்ததும் மரத்துண்டை எடுக்க மறக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக்கும் நிற்கும் வண்டியும்

தடைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள். உப்பில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிள் உறையோடு இறுகும். கியரில் போட்டு, கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை பத்தடி முன்னும் பின்னும் நகர்த்தி, பிரேக்கை மிதித்து நிறுத்துங்கள். வண்டி ஓடும் நாட்களில், தினமும் லோடு இறக்கியபின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ-க்கும் அதிகமாக மழை கொட்டியது. தெருவில் நின்ற எத்தனையோ வண்டிகளின் சக்கரம் முழுகியது. அப்படி நின்ற வண்டியை நேராக ரோட்டுக்கு எடுக்காதீர்கள். முதலில் நடை வேகத்தில் ஓட்டி, லேசாக மிதித்து மிதித்து லைனரைக் காயவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் டிரம்களைத் திறந்து சேற்றைக் கழுவுங்கள். ஆயில் டப்பாவின் மூடிவரை தண்ணீர் வந்திருந்தால் ஆயில் முழுவதையும் மாற்றுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

1. நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை அமுக்குங்கள். பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும், முதல் மிதி காலியாகப் போகும்.
2. ஆளில்லாத இடத்தில், காலி வண்டியோடு, 20 கி.மீ வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு 40. ஸ்டீயரிங் நேராக நிற்க வேண்டும்.
3. நின்றதும் எல்லா நிப்பிள், பைப் இணைப்பிலும் துணி வைத்துத் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. பாதி லோடோடு மறுபடி. அதன்பிறகே முழு லோடு.

புதுச்சேரி சமதரை. இங்கேயே ஓட்டிப் பழகியவர்கள் ஏற்காடு போன்ற மலைக்கு லோடு கொண்டுபோனால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். லைனர் தீய்ந்து, ஆயில் கொதித்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஓடும்போது பிரேக் போனால்

1. பெடலை வேகமாகப் பலமுறை அமுக்குங்கள். கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம்.
2. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நியூட்ரலில் போடாதீர்கள்.
3. ஹேண்ட் பிரேக் லிவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சுழலும்.
4. ஹாரனையும் அபாய விளக்கையும் விடாமல் போடுங்கள்.
5. வண்டி நிற்கும்வரை சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

எட்டு வருடத்தைக் கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்னால் மட்டும் பிரேக்கை டைட் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. சான்றிதழ் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். மற்ற நாட்களில் அந்த வண்டி உங்கள் பிள்ளைகள் விளையாடும் தெரு வழியாகத்தான் போகிறது.

பைப் மாற்றிய தேதி, ஆயில் மாற்றிய தேதி இரண்டையும் கதவின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். பெரிய வேலைக்குத் தடைக்காலம்வரை காத்திருக்கலாம். ஆனால் இன்றைக்குப் பெடல் நேற்றைவிட ஆழமாக இறங்கினால், மீன் ஏற்றியிருந்தாலும் சரி, வண்டியை அங்கேயே நிறுத்தி, லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடுங்கள்.